மூன்றாம் வருஷத்து ரதி

படுக்கை, அடுப்பு, கழிவறை, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து, அடியில் சக்கரம் மாட்டினால் அதற்குக் கேரவன் என்று பெயர். அதற்குள் இரண்டு நாள் முட்டிக்கொண்டு இடித்துக்கொண்டு வாழ்வதற்கு வசதி படைத்தவர்கள் குன்னூரில் வரிசையில் நிற்கிறார்கள். இசக்கிமுத்து பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்து அறையும், அதாவது கூலிக்காரர்களின் வரிசைவீட்டு அறையும், ஏறக்குறைய அதே அளவுதான். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், இரண்டு கோழிகள் அதில் குடியிருந்தார்கள். சக்கரம் இல்லாதது ஒன்றுதான் குறை. இருந்திருந்தால் அவர்களையும் உல்லாசப் பயணிகள் என்றே ஊர் சொல்லியிருக்கும்.

அவனுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆளுக்கு இவ்வளவு தலை என்று பிரித்துக்கொண்டதில், அவர்கள் இந்தியாவின் பங்குக்கு விழுந்தார்கள். வந்தவர்களை நெல்லியாளம் பக்கத்து மலையில் கொண்டுபோய் இறக்கி, தேயிலை பறிக்கச் சொன்னார்கள். கடல் தாண்டியும் அதே செடி, அதே கூடை, அதே லயம். துரையின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த சொத்து ஒரு தகரப் பெட்டியும் காமன் கூத்தும்தான். தகரப் பெட்டி ஐந்தாறு மழைக்குள் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கூத்து மட்டும் வருஷம் தவறாமல் நடக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருந்த சிவன்மேல் காமன் மலர் அம்பு விட்டான். கண் விழித்த சிவனுக்கு வந்த கோபத்தில் காமன் சாம்பலானான். அவன் மனைவி ரதி அழுத அழுகையில் மனம் இரங்கி, மூன்றாம் நாள் அவனை எழுப்பிக் கொடுத்தார். மாசிப் பௌர்ணமியன்று இதை ஆடுவார்கள்; எழுப்புவதை மட்டும் மூன்றாம் நாள் சின்னதாகச் செய்வார்கள். மற்ற ஊர்களில் விடிய விடிய ஆட நேரம் இருக்கலாம். இந்த லயத்தில் மறுநாள் காலை ஏழரைக்கு, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அதனால் இங்கே நிலா மலைக்கு மேலே தலை காட்டியதும் ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்குள் காமனை எரித்து முடித்துவிடுவார்கள். சிவனின் நெற்றிக்கண்ணும் தோட்டத்து நேரத்தை அனுசரித்துத்தான் திறக்கும்.

ரதி வேஷத்தை ஆண்தான் கட்ட வேண்டும். கட்டியவன் தொடர்ந்து மூன்று வருஷம் கட்ட வேண்டும். அரிதாரம் பூசியது முதல் கழுவும்வரை பாட்டைத் தவிர வேறு பேச்சு அவன் வாயிலிருந்து வரக்கூடாது. இதெல்லாம் அந்த லயத்து வழக்கம். மூன்று வருஷத்தை நடுவில் முறித்தால் சாமி என்ன செய்யும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் லயம் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு யார் மாடு செத்தாலும், யார் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாவிட்டாலும், யானை வந்து யார் வாழையை முறித்தாலும் பழி அந்த ஒருவன் தலையில்தான் விழும். முன்னொரு காலத்தில் இரண்டாம் வருஷத்தோடு வேஷத்தைக் கைவிட்ட ஒருவனை, கரண்டு போனால்கூட இன்றைக்கும் திட்டுகிறார்கள். அவன் செத்தே பதினெட்டு வருஷமாகிறது.

இசக்கிமுத்து இரண்டு வருஷம் ரதி கட்டிவிட்டான். வயது நாற்பத்தொன்று. ஒல்லி உடம்பு, மெல்லிய குரல், மீசை வைக்காத முகம். சாதாரண நாளில் இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி செய்து வந்த லயம், சேலையைக் கட்டியதும் கையெடுத்துக் கும்பிட்டது. ஊர்ப் பழிக்குப் பயந்துதான் மூன்றாம் வருஷமும் கட்டப்போவதாக அவன் வெளியே சொல்லிக்கொள்வான். மனைவி பேச்சிக்கு மட்டும் உண்மை தெரியும். அவனுக்கு ரதியாக இருக்கப் பிடித்திருந்தது. வருஷத்தில் ஒரு சாயங்காலம் இருநூறு பேர் அவன் முகத்தைப் பார்த்தார்கள். மற்ற நாட்களில் அவன் முதுகைப் பார்ப்பதற்கும் ஆள் கிடையாது. டிரைவரின் முதுகுக்கும் வண்டியின் பின்கதவுக்கும் பயணிகள் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

கொழுந்து ஏற்றும் டிராக்டரில் ஆரம்பித்து, ஜீப்பு ஓட்டி, கடைசியில் குன்னூர்க் கம்பெனி ஒன்றில் கேரவன் டிரைவராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி மேனேஜர் மோசஸ் நல்ல மனிதர். லீவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருக்குக் காது அடைத்துவிடும்.

"சார், மாசிப் பௌர்ணமிக்கு ஒரு நாள் லீவு வேணும். எங்க லயத்துல கோயில் விசேஷம்."

"அன்னைக்குத்தாம்ப்பா இந்த வருசம் புதுசா ஆரம்பிச்ச பௌர்ணமி பேக்கேஜ். கோயமுத்தூர்ப் பார்ட்டி புக் பண்ணியாச்சு. விசேஷம் யாருக்குத்தான் இல்ல? எனக்குந்தான் வாரா வாரம் ஞாயித்துக்கெழம விசேஷம். போறேனா?"

"நான் கட்டாயம் இருக்கணும் சார்."

"அப்ப வேற டிரைவரப் பாக்கட்டுமா, சொல்லு."

வேறு டிரைவர் என்றால் ஒரு நாளைக்கு மட்டும் அல்ல என்பது இசக்கிமுத்துவுக்குப் புரிந்தது. அவன் பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தான். முதல் நாள் கைவினைப் பொருள் பார்த்தல், இரவு கிளென்மார்கன். இரண்டாம் நாள் மாலை கூடலூர் விடுதி ஒன்றில் மண் மணக்கும் நாட்டுப்புற இசை. அந்த மண் மணக்கும் இசையை அவன் இருபது தடவையாவது கேட்டிருக்கிறான். கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருவன், தலையில் கோழி இறகு செருகிய நாலு பெண்கள், இறைச்சி வாட்டும் கரியடுப்பு. பாடுவது முழுக்க சினிமாப் பாட்டு.

"சார், விடுதிக்குப் பதிலா எங்க லயத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நெசமான கூத்து. காமனையே எரிப்பாங்க. ஒரு செலவும் இல்ல."

மோசஸின் முகம் மலர்ந்தது. விடுதிக்காரனுக்குக் கொடுப்பது மிச்சம் என்றதும் அவருக்குக் கலையின்மேல் பக்தி பிறந்துவிட்டது. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆனா நீ வண்டிய விட்டு நகரக்கூடாது. கெஸ்ட்டு கூப்பிட்ட நிமிசம் முன்னால நிக்கணும். சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு இசக்கிமுத்து வெளியே வந்தான். தானே ரதி என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

கோயமுத்தூர்ப் பார்ட்டி என்பது கருணாகரனும் அவர் மனைவி வேலாமணியும்தான். பம்புசெட்டுத் தொழிலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுக் கருணாகரன் கலைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்திருந்தார். கதர் ஜிப்பா, கழுத்தில் மணிமாலை, கையில் ஒலிப்பதிவுக் கருவி. தமிழ்நாட்டில் தனக்குத் தெரியாத நாட்டுப்புறக் கலை இல்லை என்பதைக் குன்னூர் ரயில் நிலையத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வேலாமணிக்கு வளைவுகளில் குமட்டல் வந்ததால் அவள் கலையைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

கிளென்மார்கன் போகும் வழியில், பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடிகளின் வேரைச் செதுக்கி முக்காலியும் மேசையும் செய்யும் செல்லக்கண்ணுவின் பட்டறையில் வண்டி நின்றது. கருணாகரன் ஒரு வேர்மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதுக்கு ஒரு நூறு வயசு இருக்குமுங்களா?"

"செடிக்கு இருக்கும் சார். மேசைக்கு நாலு நாள்தான்."

"இந்தப் பாலீஸெல்லாம் வேண்டாமுங்க. இயற்கையா இருக்கோணும். அந்த மண்ணு ஒட்டியிருக்குது பாருங்க, அதோடயே குடுங்க."

செல்லக்கண்ணு மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்து மினுக்கிய மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, இன்னும் கையே வைக்காத ஒரு வேரைக் காட்டினான். அதுதான் அவருக்குப் பிடித்தது. பேச்சி வெந்நீர் அடுப்பில் வைக்கிற அதே கட்டை. அதை இசக்கிமுத்து தூக்கிக்கொண்டு வந்து கேரவனுக்குள் வைத்தான். வைத்த பிறகு படுக்கையை விரிக்க இடமில்லை. கிளென்மார்கன் குளிரில் கருணாகரன் இரவு முழுக்க கால் நீட்டும் இடத்தை வேருக்குக் கொடுத்துவிட்டு மடங்கிக் கிடந்தார். காலையில் இயற்கையோடு உறங்கிய சுகமே தனி என்றார். வேலாமணி வெளியே நின்று இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் வண்டி கூடலூரில் இறங்கி, நெல்லியாளம் பக்கம் திரும்பி, பிற்பகலில் லயத்தை நெருங்கியது. கடைசி ஒரு மைல் ஜீப்பு ரோடு. கேரவனின் இரண்டு பக்கமும் தேயிலைச் செடி உரச உரச அவன் வண்டியைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைவரை கொண்டுபோய் நிறுத்தினான். லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கழிவறையைப் பார்த்துவிட்டு, சமையலும் அங்கேதானா என்று கேட்டார்கள்.

பேச்சி வந்து விருந்தாளிகளை அழைத்துப்போய், மைதானத்தில் முன்வரிசையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். மைதானத்தின் நடுவில் வைக்கோல் சுற்றிய காமன் கம்பம் நட்டிருந்தது. கூத்து வாத்தியார் மாரிச்சாமி தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். கருணாகரன் ஒலிப்பதிவுக் கருவியை அவர் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நீங்க இந்த மலையோட பூர்வகுடிங்களா?"

"இல்ல சார். நாங்க கப்பல்ல வந்தவங்க."

"கப்பல்ல வந்த பூர்வகுடி!" என்று கருணாகரன் வேலாமணியிடம் மொழிபெயர்த்தார். "பாத்தியா, எத்தன ஆயிரம் வருசத்துக் கலை இது."

"எழுபத்து மூணுல வந்தோம் சார்" என்றார் மாரிச்சாமி. அதற்குள் கருவியை அணைத்தாகிவிட்டது.

இந்த நேரத்தில் இசக்கிமுத்து, வண்டியைத் துடைத்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவி, மாரிச்சாமி வீட்டின் பின்புறம் உட்கார்ந்து முகத்தை நீட்டிக்கொண்டிருந்தான். பேச்சி ஓடிவந்து மஞ்சள் பூசி, மை தீட்டி, டோப்பா முடி வைத்து, தன் கல்யாணச் சேலையைக் கட்டிவிட்டாள். போனையும் வண்டிச் சாவியையும் அவனிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்த ஆளு நடுவுல கூப்பிட்டா என்னங்க பண்றது?"

அவன் பதில் சொல்லவில்லை. அரிதாரம் பூசியாகிவிட்டது.

நிலா மேலே வந்தது. தப்பு முழங்கியது. காமனும் ரதியும் கைகோத்து மைதானத்துக்குள் நுழைந்தார்கள். கருணாகரன் ரதியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரு வேலாமணி, கொழுந்து பறிக்கற பொண்ணு. பயிற்சியே கெடையாது. எப்படி நெளிவு பாரு! இதையெல்லாம் ஒரு ஆம்பளையால செய்ய முடியுமா?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பேச்சி அவர்களை முறைத்தாள்.

சிவன் கண்ணைத் திறந்தார். அதாவது, கம்பத்தில் மாரிச்சாமி தீ வைத்தார். வைக்கோல் குபீரென்று பிடித்தது. ரதி தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஓடி, மண்ணில் விழுந்து, எழுந்து பாடத் தொடங்கினாள்.

"கண்ணத் தொறந்தவரே, கனலக் கொட்டினவரே,
மஞ்சக் கயித்துக்கு மறுமொழி சொல்லுமய்யா.
சாம்பல அள்ளித் தந்தா சமுசாரம் ஆகிடுமா?"

இசக்கிமுத்துவுக்கு அந்த நேரத்தில் கம்பெனியும் இல்லை, வண்டியும் இல்லை. இது மூன்றாம் வருஷம், இனிமேல் இந்தச் சேலை தனக்கில்லை என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. அடுத்த மாசிக்கு வேறொருவன் இங்கே அழுவான். தான் கூட்டத்தில் ஒருவனாக நின்று பார்க்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் கண்ணீர் தானாகக் கொட்டியது. காமனுக்காக அழுதது பாதி, தனக்காக அழுதது பாதி. எந்தப் பாதி எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. இருநூறு பேரும் அழுதார்கள். வேலாமணி இரண்டு நாளில் முதல்முறையாகக் குமட்டலை மறந்து மூக்கைச் சிந்தினாள்.

அந்த உச்சத்தில் கருணாகரனுக்குக் குளிர் எடுத்தது.

"டிரைவர்!" என்று கத்தினார். "டிரைவர்! அந்தச் சால்வைய எடுத்துட்டு வாப்பா!"

நெருப்பருகே மண்டியிட்டிருந்த ரதி சட்டென்று தலையைத் தூக்கினாள். இரண்டு வருஷப் பழக்கம். வாய் திறந்தே விட்டது. "வர்றேன் சார்" என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. தப்பு அடித்துக்கொண்டிருந்த மாரிச்சாமியின் கை ஒரு அடி தவறியது. லயம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் மூன்று வருஷத்து வேஷம், அந்தப் பக்கம் பிள்ளை குட்டிக்குச் சோறு போடும் வேலை. ரதி கருணாகரனை நேராகப் பார்த்தாள். திறந்த வாயை மூடாமல் அதையே ஒரு ஓலமாக இழுத்து, இரண்டு கையாலும் மாரில் அறைந்துகொண்டு அழுதாள்.

"ஆஹா!" என்றார் கருணாகரன். "நம்மளப் பாத்தே அழுகறா பாரு!"

சால்வையைப் பேச்சி ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவர் வாங்கிப் போர்த்திக்கொண்டு, டிரைவர் எங்கே என்று மூன்று தடவை கேட்டார். வண்டிக்கு அடியில் ஏதோ பார்க்கிறார் என்று மூன்று தடவையும் பேச்சி சொன்னாள்.

எல்லாம் முடிந்ததும் கருணாகரன் மாரிச்சாமியிடம் வந்தார். எரிகிற கட்டம் வந்தபோது போனில் சார்ஜ் தீர்ந்து படம் பிடிக்க முடியவில்லையாம். காமனை இன்னொரு தடவை எரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

"ஒரு வருசத்துக்கு ஒரு தடவைதான் சார் எரிக்க முடியும்" என்றார் மாரிச்சாமி.

வேலாமணி ரதியின் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். "ஏங் கண்ணு, கையி இப்படிக் காய்ச்சுப் போயிருக்குதே, கொழுந்து பறிச்சுப் பறிச்சா?" என்று கேட்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை அது. ரதி தலையை மட்டும் ஆட்டினாள். வேலாமணி அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சற்று நேரம் விடாமல் நின்றாள். அவளைப் பற்றிக் கேலியாகச் சொல்ல இந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

குழாயடியில் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு இசக்கிமுத்து ஓடிவந்தபோது, கருணாகரன் கேரவன் வாசலில் நின்றிருந்தார்.

"எங்கப்பா போயிருந்த? மூணு மணி நேரமாச்சு. கண்ணப் பாரு, கோவப்பழமாட்டச் செவந்து கெடக்குது. குடிச்சியா?"

"இல்ல சார். வயித்து வலி."

"வயித்து வலிக்குக் கண்ணா செவக்கும்? ஒரு பொம்பளப்புள்ள அங்க உசுரக் குடுத்து ஆடுது. அதப் பாக்கறதுக்கு உனக்குக் குடுப்பினை இல்ல. உங்களுக்கெல்லாம் கலையோட அருமை எங்க தெரியப்போகுது!"

"ஆமாங்க சார்" என்றான் இசக்கிமுத்து.

மறுநாள் குன்னூர் திரும்பும் வழியெல்லாம் கருணாகரன் பின்னால் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டே வந்தார். வேலாமணி மட்டும் ஒருதரம் முன்பக்கம் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தப் புள்ள உங்களுக்குச் சொந்தமுங்களா? மூஞ்சி ஜாடை அப்படியே இருக்குது" என்றாள். லயத்தில் எல்லோரும் சொந்தம்தான் அம்மா என்று அவன் சொன்னான்.

சாயங்காலம் விருந்தாளிகளும் வேரும் காரில் ஏறிக் கோயமுத்தூருக்கு இறங்கினார்கள். வண்டியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனால் மோசஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உக்காரு. என்ன எழுதியிருக்காருன்னு கேட்டுக்க. 'ரதியாக நடித்த பெண்மணியைப் போல ஒரு கலைஞரை என் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் அழுதபோது எங்கள் உயிரே உருகியது. இந்த ஒரு மாலைக்காகவே நீலகிரிக்கு வரலாம். டிரைவர் மகா பொறுப்பற்றவர். மூன்று மணி நேரம் காணவில்லை. குடித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்தார். நடவடிக்கை தேவை.' இதுக்கு என்ன சொல்ற?"

இசக்கிமுத்து போனின் திரையை எட்டிப் பார்த்தான்.

"மொதலாளி உன்ன இன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு. நான்தான் பேசிப் பாத்தேன். ஒரே ஒரு வழி இருக்கு. அந்தப் பொம்பளைய எங்கிட்டக் கூட்டிட்டு வா. வாரா வாரம் சனிக்கெழம, விடுதியில, கெஸ்ட்டுக்கு முன்னால ஒரு அரை மணி நேரம் அழுதாப் போதும். அவ வந்தா உன் வேல நிலைக்கும். உனக்குத் தெரிஞ்சவதான?"

தெரிந்தவள்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடிகாரன் என்ற பேர் போகும், வேலை நிலைக்கும், வாரா வாரம் முகத்தில் அரிதாரமும் ஏறும். இனிமேல் இல்லை என்று நேற்று நெருப்புக்கு முன்னால் எதற்காக அழுதானோ, அது வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு தடவை கிடைக்கும், கீபோர்டுப் பையனுக்கும் கரியடுப்புக்கும் நடுவில். மோசஸ் நல்ல மனதோடுதான் சொன்னார். இசக்கிமுத்து அந்த அரை மணி நேர அழுகையை மனசுக்குள் ஒருதரம் அழுது பார்த்தான். கண்ணீர் வரவில்லை.

"அவ வரமாட்டா சார்" என்றான். "நேத்துத்தான் புருசன் எரிஞ்சு செத்தான். நாளைக்குத்தான் எந்திரிப்பான். அதுவரைக்கும் அவ வெளிய வரக்கூடாது."

மோசஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குடிதான் என்று அவருக்கும் நிச்சயமாகிவிட்டது போலிருந்தது. மேசைமேல் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

இசக்கிமுத்து சாவியை எடுத்தான். நாளைக்குக் காமன் எழுகிறபோது ரதி பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு எப்படி லீவு கேட்பது என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்தக் கவலை தீர்ந்தது. பேச்சியிடம் எப்படிச் சொல்வது என்ற அடுத்த கவலை வந்து உட்கார்ந்தது. சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?"

"சார், அந்த ரதியப் பத்தி எழுதியிருக்காரே, அத மட்டும் இன்னொரு தடவ படிங்க."